ஒடுக்கை எடுக்கச் சொல்லுங்கள், மூடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு கார்களைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். வண்டிகளின் வரலாறு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒடுங்கிய இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பி இறுகும் பசை) போட்டு இழைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்ற பொருளில், போகிற போக்கில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை நம்பி வேலை கொடுப்பவரின் வண்டி, நம் டெல்டாவில் இரண்டு அடைமழை தாண்டுவதற்குள் மட்கார்டில் கொப்புளம் கிளப்பி நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வெட்டாமல் போட இடம் இருந்தால் நல்லது.

அம்பாசிடர் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் தயாரானது. அந்தக் கால பாடித் தகடு பெரும்பாலும் 20 கேஜ் அளவு, அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ. இருக்கும், சில இடங்களில் அதைவிடத் தடிமன். இப்போதைய கார்களில் 0.7 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டார்கள், இரும்பும் முறுக்கான ரகம். பழைய தகடோ மிருதுவான இரும்பு, சுத்தியலுக்குக் கேட்கும். கையால் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய தகட்டைப் பட்டிக்கு அடியில் புதைப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

ஒடுக்கு என்பது வெறும் பள்ளம் இல்லை. அடி வாங்கிய நடுப்பகுதி உள்ளே போகும்போது, அதைச் சுற்றித் தகடு வயல் வரப்பு மாதிரி மேலே எழும்பி மடங்கி நிற்கும். நடுவில் இருக்கும் அகலமான பள்ளத்தில் பெரும்பகுதி தானாகத் திரும்பிவரத் தயாராகத்தான் இருக்கிறது. அதைத் திரும்பவிடாமல் பூட்டி வைத்திருப்பது அந்த மேடு. மடங்கிய இடத்தில் இரும்பு இறுகிப்போகும். மற்ற இடத்தில் பழைய மிருதுவே இருக்கும். எனவே கடைசியாக உண்டான மடிப்பை முதலில் எடுக்க வேண்டும், முதல் அடி விழுந்த இடத்துக்குக் கடைசியில் வர வேண்டும். பின்பக்கமிருந்து உருண்டைத்தலைச் சுத்தியலால் பள்ளத்தின் நடுவில் ஓங்கி நாலு போடு போடுகிறவருக்கு இது தெரியாது. அவர் போடும் ஒவ்வொரு போட்டிலும் தகடு மெலிந்து பரப்பு கூடுகிறது. பள்ளம் வெளியே வந்ததும் கூடிய பரப்புக்கு இடமில்லாமல் கொப்பரையாக உப்பி நிற்கும். அதைத் தணிக்க முடியாமல் சுற்றிலும் பட்டி ஏற்றி மட்டம் காட்டுவார். அரை அங்குலப் பட்டியோடு ஓடும் மட்கார்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சுத்தியல் எடுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில. பேட்டரி வயரைக் கழற்றுவது, விளக்கு, பீடிங், ரப்பர் எல்லாம் எடுப்பது எல்லோரும் செய்வதுதான். பலர் விடுவது பின்பக்கச் சுத்தம். மட்கார்டின் அடியில் பல வருடத் தாரும் சேறும் அடையாக இருக்கும். அதன்மேல் டாலியை (அடிக்கும்போது தகட்டின் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்தால் அடி தகட்டுக்குப் போகாது, தாரில் அமுங்கிப்போகும். சூடு காட்டினால் தார் பற்றிக்கொள்ளும். சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக நன்றாக உலர்ந்த பிறகே நெருப்பு அந்தப் பக்கம் வர வேண்டும். பின்பக்க வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்காமல் கேஸ் பற்றவைக்கவே கூடாது. அம்பாசிடரின் முன் மட்கார்டு போல்ட்டில் கழலும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். இடையில் வைத்திருக்கும் வாஷர்கள் எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதிக்கொள்ளாவிட்டால், திரும்ப மாட்டும்போது கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக நிற்கும்.

இனி அடி. சுத்தியல் 300, 400 கிராம் போதும். அதன் முகம் கண்ணாடி மாதிரி மெருகு ஏறியிருக்க வேண்டும்; முகத்தில் உள்ள ஒவ்வொரு வடுவும் தகட்டில் அச்சாக விழும். ஆணி அடித்த சுத்தியலால் பாடி அடிக்கிற பட்டறையில் வண்டியைவிட்டு என்ன பயன்? டாலியின் வளைவு, தகட்டின் வளைவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். தட்டையான டாலியின் ஓரம் வளைந்த மட்கார்டில் குத்திப் புது ஒடுக்கு உண்டாக்கும்.

டாலியைப் பள்ளத்தின் அடியில் வைத்து மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை அதன்மேல் போடாமல், பக்கத்தில் எழும்பி நிற்கும் மேட்டில் போட வேண்டும். மேடு இறங்க இறங்கப் பள்ளம் எழும்பும். இப்படிச் செய்யும்போது தகடு இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்குவதில்லை, அதனால் நீள்வதும் இல்லை. வேலையில் முக்கால் பங்கு இதிலேயே முடிந்துவிடும். வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, மேட்டின் நுனிகளை முதலில் தணித்து, வளையம் வளையமாக உள்ளே வர வேண்டும். டாலிக்கு நேர்மேலே அடிப்பது கடைசிக் கட்டம். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய மட்டும், மணிக்கட்டு அசைவில் லேசான தட்டு. டாலி சரியாக அடியில் இருந்தால் கணீரென்று கேட்கும், விலகினால் மொத்தென்று கேட்கும். காது பழகாதவர் தகட்டைக் கெடுக்காமல் இந்தக் கட்டம் செய்ய முடியாது.

நம் பக்கத்துக்கென்றே உள்ள ஒடுக்கு ஒன்று உண்டு: தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மரமே சாய்ந்து நசுங்கிய வண்டிகள் வேறு கதை. சாதாரண நாளிலேயே கொல்லையில் நிற்கும் காரின் பானெட்டிலும் ரூஃபிலும் தேங்காய் விழுகிறது. அது கிண்ணம் மாதிரிப் பள்ளமும் அதைச் சுற்றி வளையமாக ஒரு மடிப்பும் உண்டாக்கும். பெயிண்ட் விரிந்து தெறிக்காமல் இருந்தால் தகடு அதிகம் நீளவில்லை என்று அர்த்தம், இது சுலபமான வேலை. ரூஃபாக இருந்தால் உள்துணியை இறக்கிவிட்டு, மணல் நிரப்பிய தோல் பையை உள்ளிருந்து இரண்டு கையாலும் மெல்ல அழுத்த வேண்டும். வெளியே இன்னொருவர் அந்த வளைய மடிப்பின்மேல் கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டிவர வேண்டும். பள்ளம் பாதிக்கு மேல் தானாக வரும். ஜாக்கி வைத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. ஜாக்கியின் இரும்புத் தலை ரூஃபில் முலை மாதிரி ஒரு முட்டு எழுப்பும், அதைத் தணிப்பது தேங்காய் ஒடுக்கைவிட மூன்று மடங்கு வேலை. கைப்பேசிக் காணொளிகளில் வெந்நீர் ஊற்றுவதும் பனிக்கட்டி தேய்ப்பதும் காட்டுகிறார்கள். வெந்நீர் பிளாஸ்டிக் பம்பருக்குச் சரி, இரும்புத் தகட்டில் மடங்கிய வளையத்தை எந்த வெந்நீரும் நிமிர்த்தாது.

பானெட்டின் நடுப்பகுதி, ரூஃப், கதவின் கீழ்ப்பாதி ஆகிய தட்டையான இடங்களில்தான் தொல்லை. எங்கேயாவது தகடு நீண்டிருந்தால் விரலால் அழுத்தும்போது டப்பென்று உள்ளே போகும், விட்டால் டப்பென்று வெளியே வரும். இதன்மேல் பட்டி நிற்காது. ஒவ்வொரு கதவு சாத்தலுக்கும் அசைந்து விரிசல் விடும். நீண்ட தகட்டைச் சுருக்க வேண்டும். உப்பி நிற்பதில் மிக உயர்ந்த புள்ளியைத் தேடி, கேஸ் நெருப்புக்குச் சின்ன நாசில் வைத்து 10 முதல் 12 மி.மீ. வட்டத்தை மட்டும் மங்கிய சிவப்பு வரச் சூடாக்க வேண்டும். சூடான புள்ளி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது, அதனால் அந்தப் புள்ளி தடித்து மேலே கிளம்பும். உடனே அடியில் டாலியை லேசாகப் பிடித்து, வட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நாலைந்து தட்டுத் தட்ட வேண்டும். சிவப்பு முழுதும் அடங்கிய பிறகே ஈரத்துணி. ஆறும்போது அந்தப் புள்ளி சுற்றியுள்ள தகட்டைத் தன்பக்கம் இழுக்கும். கை வைக்கிற அளவுக்கு ஆறிய பின்னால்தான் அடுத்த புள்ளி. அவசரப்பட்டு ஒரே நேரத்தில் நாலைந்து புள்ளிகளைச் சுட்டாலோ, பெரிய நாசிலால் உள்ளங்கை அகலம் சுட்டாலோ மொத்தத் தகடும் நெளிந்துவிடும். அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டால் பதற வேண்டாம். டாலியை அடியில் வைத்து அந்தப் புள்ளிகளிலேயே லேசாகத் தட்டினால் தளர்ந்துகொடுக்கும்.

கை நுழையாத இடங்களில், உதாரணமாகக் கதவின் உள்சட்டம் மறைக்கும் இடத்திலும் படிக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியிலும், முன்பெல்லாம் டிரில் போட்டு ஸ்குரூ மாட்டி இழுப்பார்கள். இன்றும் பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அந்த ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஓட்டை வழியே பட்டியின் முதுகைத் தொடும், வருடம் திரும்புவதற்குள் ஓட்டைக்கு ஒன்றாக வரிசையாகத் துருப்புள்ளி தெரியும். வாஷர் அல்லது ஆணியை ஸ்பாட் வெல்டிங்கில் தகட்டோடு ஒட்டவைத்து இழுத்துப் பின் உடைத்தெடுப்பது இதைவிட மேல். ஆனால் அதிலும் பின்பக்கப் பூச்சு கருகும் என்பதால், கடைசியில் உள்ளே மெழுகு ஸ்ப்ரே செலுத்தாமல் விடக்கூடாது. கதவாக இருந்தால் உள் அட்டையைக் கழற்றி ஸ்பூன் என்னும் நீளமான தட்டை நெம்புகோலைவிட்டு நெம்பிப் பார்த்த பிறகே இழுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

துரு இருந்தால் அடிப்பதில் அர்த்தமில்லை, வெட்ட வேண்டும். இந்த ஊர் வண்டிகளில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். குறுவை, சம்பா அறுப்புக் காலத்தில் சாலையில் காயப்போடும் வைக்கோலும் பதரும் சக்கரத்தில் சுருண்டு, முன் மட்கார்டின் பின்முனையில் சேற்றோடு அடைந்து நிற்கும். அந்த அடை மாதக்கணக்கில் ஈரம் காக்கும். ஹெட்லைட் கிண்ணத்துக்கு மேலே உள்ள சந்திலும் அப்படித்தான். கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டால் கதவு உள்ளிருந்து அரிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பங்காற்றில் இதெல்லாம் இரட்டிப்பு வேகம்.

வெட்டும்போது துரு முடியும் இடத்தில் நிறுத்தக்கூடாது. இரும்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை போக வேண்டும். ஒட்டுத் தகடு சி.ஆர். தகடாக (பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு), அதே கேஜில் இருக்கட்டும். டிரங்குப் பெட்டிக் கடையில் மிஞ்சிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வைத்தால் வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும், ஒட்டும் சரியாகப் பிடிக்காது. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலையில்தான் முதலில் விரிசல் விடும். பழைய தகட்டின்மேல் புதுத் தகட்டை ஏற்றி வைப்பதைத் தவிர்த்து, விளிம்போடு விளிம்பு பொருத்த வேண்டும். ஏற்றி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். மிக் வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி போதும். ஒரே ஓட்டமாக இழுக்காமல், ஒரு அங்குலத்துக்கு ஒரு பொட்டு வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி நிரப்பிவந்தால் தகடு நெளியாது. பித்தளை வைத்து ஒட்டுவது சுலபம்தான். ஆனால் அதற்குப் போடும் பொடியின் மிச்சம் கண்ணாடிப் படலமாக நின்று பெயிண்டைப் பிடிக்கவிடாது, ஈரம் பட்டால் பித்தளையை ஒட்டிய இரும்புதான் முதலில் அரிக்கும்.

அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே பாரம் தாங்குகிறது. அதனால் படியின் கீழ்ப்பகுதியை வெட்டும் முன் வண்டியின் நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து, கதவுகளை மாட்டியே வைத்து, சந்துகளை அளந்துகொள்ள வேண்டும். நடுவில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி வெட்டினால், வண்டி வளைந்தபடியே ஒட்டு ஏறிவிடும். பிறகு அந்தக் கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது. ஹெரால்டு அப்படியில்லை. தனிச் சேஸிஸ், பாடி போல்ட்டில் நிற்கிறது, பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாயும். அதை முழுதாகக் கழற்றித் தரையில் வைத்து நிதானமாக வேலை பார்க்கலாம்.

இப்போது பட்டி. நாங்கள் பட்டிக்கு எதிரிகள் இல்லை. அடித்து, அரம்போட்டு, உள்ளங்கையில் மெல்லிய துணி சுற்றித் தடவிப் பார்த்து, மேடு பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்த தகட்டில் பட்டி ஒரு மெருகு. எப்படிப் பார்த்தாலும் 3 மி.மீ. தாண்டக்கூடாது. 80 நம்பர் உப்புத்தாளால் கீறிய வெறும் இரும்பின்மேலோ, எபாக்ஸி பிரைமரின்மேலோ வைக்கலாம்; ரெட் ஆக்சைடு பிரைமரின்மேல் வைத்தால் அடியோடு உரியும். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 2 கிராம் அளவு. சித்திரை, வைகாசி வெயிலில் அதையும் சற்றுக் குறைக்கலாம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிசைந்தால் அதன் நிறம் பெயிண்ட்வரை ஏறிவந்து மஞ்சள் கறை காட்டும். அடித்துக் கலக்காமல் அழுத்தித் தேய்த்துக் கலக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுக் குமிழ்கள் ஊசித்துளைகளாக நிற்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று: பட்டியைத் தண்ணீர் விட்டு இழைக்கவே கூடாது. அதில் உள்ள டால்க் பொடி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பெயிண்ட் மூடியதும் ஈரத்துக்குப் போக்கிடம் தகடு மட்டும்தான். பட்டி முழுக்க உலர் இழைப்பு. தண்ணீர்த்தாள் அதற்குமேல் வரும் சர்ஃபேசர் என்னும் அடிப்பூச்சுக்கு மட்டும். தூசிக்குப் பயந்துதான் தண்ணீர் விடுகிறார்கள் என்பது புரிகிறது. முகக்கவசம் வாங்கினால் தீரும் பிரச்சினை அது.

இணைப்பு ஓரங்களில் பட்டியைவிட ஈயம் நல்லது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் பலவும் அப்படித்தான் செய்தன. 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த பட்டை 183 டிகிரியில் இளகத் தொடங்கி ஏறக்குறைய 255 டிகிரியில்தான் முழுத் திரவமாகும். இடைப்பட்ட வெண்ணெய்ப் பதத்தில் எண்ணெய் தடவிய மரத்துண்டால் வழித்து உருவம் கொடுக்க வேண்டும். பிறகு அரத்தால் மட்டும் சீவ வேண்டும். கிரைண்டரோ உப்புத்தாளோ போட்டால் ஈயத்தூசி மூச்சில் போகும். இந்த வேலை முடித்த கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பெயிண்ட் பற்றி இரண்டு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் விடியும்போது மஞ்சள் துரு படிந்திருக்கும். அன்றைய இரும்பை அன்றே எபாக்ஸி பிரைமரில் மூட வேண்டும். பழைய ரக என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை ஈரக்காற்றில் அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரளவு காப்பாற்றும்; மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுவது மேல். பழைய என்.சி.யின்மேல் நேரே பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தால் சுருங்கித் தூக்கும் அபாயம் உண்டு. பி.யு. ஹார்டனரின் ஆவிக்குத் துணி கட்டிக்கொள்வது கவசமே இல்லை. குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும்.

வண்டி வாங்குபவர்களுக்கு: சின்ன காந்தத்தைத் தாளில் சுற்றி மட்கார்டு, கதவின் அடி, ரூஃப் ஓரம் எல்லாம் ஒட்டிப் பாருங்கள். நழுவும் இடத்தில் பட்டியோ ஈயமோ இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கும் பழைய மட்கார்டுக்கும் இதே சோதனைதான். வேலை கொடுப்பவர்கள் ஒட்டுமொத்தத் தொகை பேசாமல், பிரித்துச் சுத்தம் செய்தபின், அடித்து முடித்தபின், பெயிண்ட் முடிந்தபின் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டாவது தவணைக்கு முன் நேரில் வந்து, பிரைமர் படாத இரும்பைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர ஒடுக்குள்ள ஒரு மட்கார்டை ஒழுங்காக எடுக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சாயங்காலமே தருகிறேன் என்றால் அது பட்டி.

50 ஆண்டு கடந்த வண்டிகளில் பழைய தகட்டையே காப்பாற்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய விதியின்படி, விண்டேஜ் பதிவு பெற வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. மலிவு என்று ஃபைபர் மட்கார்டு மாட்டுவதற்கு முன் உரிமையாளர்கள் இதை யோசிக்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்வதும், நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிவதும் அவரவர் பொறுப்பு.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் வாகன பாடி பழுதுபார்ப்பு என்று தனிப் பிரிவே இருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அதில் கூடுதல் இடங்கள் ஒதுக்கி, புதுத் தகடு வெட்டி மாட்டுவதோடு நிறுத்தாமல் டாலி வேலைக்கும் சுருக்கு வேலைக்கும் பயிற்சி நேரம் கொடுக்கும்படி, தங்கள் நாளிதழ் வாயிலாக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டிங்கரிங் தொழிலாளர்கள் சிலர்,
கும்பகோணம்.